கஸ்ட் என்ற சொல்லும் எங்கள் வீட்டு விருந்தாளிகளும்

அன்புள்ள தம்பி,

நீயும் அனிற்றாவும் கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்கள். கலியாணம் முடிந்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை என்று உன்னைக் கதிரையில் இருத்தி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல உன் சாப்பாட்டுக் கோப்பையில் நண்டுக்கறி போட்டுக்கொண்டிருப்பார்கள். நீயும் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். இங்கே வெள்ளவத்தையில் அம்மா நான் தனியே இருக்கிறேன். கடல் பக்க யன்னலைத் திறந்துவிட்டு இதை எழுதுகிறேன். வருகிற வியாழன் நான் ஜேர்மனிக்குப் போகிறேன். போவதற்கு முதல் உன்னோடு கொஞ்சம் ஆறுதலாகக் கதைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் வாய் திறந்தால் நீ பெட்டியின் நிறையைப் பற்றியும் குளிர்ச் சட்டையைப் பற்றியும் கதைக்கத் தொடங்கிவிடுகிறாய். எழுத்தில் நீ குறுக்கே வர முடியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்த இரண்டு வருடத்தில் நான் ஜேர்மன் மொழியில் படித்தது கொஞ்சம்தான். கடையில் பாண் வாங்கலாம், டொக்டரிடம் எங்கே நோகிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சொல்லை மட்டும் வேரோடு பிடுங்கிப் பார்த்துவிட்டேன். அந்தச் சொல் 'கஸ்ட்'. விருந்தாளி என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குள் நம் வீட்டு வாழ்க்கை முழுக்க இருக்கிறது என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு வாசி.

உன் அப்பா ஜேர்மனிக்குப் போனபோது உனக்கு ஏழு வயது. சண்டை நடந்த காலம். கொழும்பில் ஒரு தமிழ் ஆம்பிளை காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் வீடு திரும்புவதே பெரிய காரியமாக இருந்தது. ஒருமாதிரி அவர் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்தது, 'இப்போதைக்கு இரு, ஆனால் இது உன் இடம் என்று நினைக்காதே' என்கிற மாதிரி ஒரு கடதாசி. அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டு, மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஒரு பழைய சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கினார். எங்களைக் கூப்பிடவும் அவரால் முடியாது, இங்கே வந்து பார்க்கவும் முடியாது. இந்த இரண்டு அறை வீட்டில் நானும் நீயும் மிஞ்சினோம்.

அப்போதுதான் நான் வீட்டில் காசுக்கு ஆட்களைத் தங்கவைத்து போடிங் வைக்கத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து விசாவுக்கும் வைத்தியத்துக்கும் பாஸ்போட்டுக்கும் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். லொட்ஜில் தங்கப் பயம். தெரிந்தவர் வீடு என்றால் ஒரு தெம்பு. ஒருவர் சொல்லி மற்றவர் என்று எங்கள் கதவைத் தட்டினார்கள். உன் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, உன்னை ஹோலில் என்னோடு படுக்க வைத்தேன். ஒருநாள் நீ பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால், உன் மேசை முழுக்க யாரோ ஒரு ஐயா தன் எக்ஸ்ரே படங்களைப் பரப்பி வைத்திருக்கிறார். நீ புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாய்: "அம்மா, இது வீடோ, லொட்ஜோ?" நான் சொன்னேன்: "ரெண்டும்தான். கைகால் கழுவிப்போட்டு வந்து சாப்பிடு." உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பெரியவனான பிறகும் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். தம்பி, அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த அறைதான் உன்னைப் படிப்பித்தது. வந்து தங்கியவர்கள் வெறும் ஆட்களாக வந்து, போகும்போது உறவாகித்தான் போனார்கள். உன்னைக் கேட்டு இன்றைக்கும் கனடாவிலிருந்து எனக்குப் போன் வருகிறது.

ஒரு காலைநேரம் உனக்கு நினைவிருக்க வேண்டும். இடியப்பமும் சொதியும் மேசையில். மன்னாரிலிருந்து மகனின் கண் ஒப்பரேஷனுக்கு வந்த ஒரு தாயும், அந்தப் பெடியனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோதனை என்று பொலிஸ்காரர் இரண்டு பேர் கதவில் வந்து நின்றார்கள். முன்னால் நின்ற அதிகாரிக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும். அவர் அந்தத் தாயையும் கண்கட்டோடு இருந்த பெடியனையும் பார்த்துவிட்டு, "கவுத மே?" என்று கேட்டார். யார் இவர்கள் என்று. எனக்குத் தெரிந்த சிங்களம் சந்தைச் சிங்களம்தான். "அமுத்தோ, மஹத்தயா" என்றேன். விருந்தாளிகள் ஐயா என்று. அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "அமுத்தோத, அமுது மினிஸ்ஸுத?" என்றார். விருந்தாளிகளா, விசித்திரமான ஆட்களா என்று. சிங்களத்தில் 'அமுது' என்றால் வழக்கத்தில் இல்லாதது, விசித்திரமானது, புதுசு. விருந்தாளிக்குரிய சொல்லும் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன ஓசைதான் வித்தியாசம். அந்தச் சின்ன ஓசையில்தான் அன்றைக்கு அந்தத் தாயும் பிள்ளையும் இருந்தார்கள். நான் என் குரலைத் தாழ்த்தவில்லை. "மகே அமுத்தோ" என்றேன். என் விருந்தாளிகள். சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் அடையாள அட்டைகளைப் பார்த்தார், ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தார், பிறகு அந்தத் தேத்தண்ணியை நின்றபடியே பாதி குடித்துவிட்டுப் போனார். நீ என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அவர்கள் போன பிறகு அந்தப் பெடியனுக்கு உன் பங்கு இடியப்பத்தையும் தள்ளிக் கொடுத்தாய். உனக்கு அது மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

வருடங்கள் போயின. சண்டை முடிந்தது. நீ படித்து வேலைக்குப் போனாய். இனி போடிங் வேண்டாம் என்று நீ சொல்ல, நானும் விட்டுவிட்டேன். உன் அப்பா கோப்பை கழுவுவதிலிருந்து காய்கறி வெட்ட, அதிலிருந்து சமைக்க என்று மெல்ல மெல்ல ஏறினார். ஒருவழியாக நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. கிடைத்ததும் செய்த முதல் வேலை, விமானம் ஏறி இங்கே வந்ததுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவரைக் கண்டபோது நீ காலைத் தொட்டுக் கும்பிட்டாய். அவர் உன்னைக் கட்டிப்பிடிக்கக் கையைத் தூக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் உன் தோளில் தட்டினார். வீட்டுக்கு வந்தோம். அவர் ஹோலில் கதிரையின் நுனியில் இருந்தார். சப்பாத்தைக் கழற்றி எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குசினி வாசலில் வந்து நின்று, "கொஞ்சம் தண்ணி எடுக்கலாமோ?" என்றார். தன் வீட்டில், தான் வாங்கிப் போட்ட அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு. உன் முகத்தைப் பார்த்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய், ஆனால் உனக்கும் கேட்டது.

மூன்றாம் நாள்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். அவர் வேலை செய்யும் இடத்தின் சொந்தக்காரி கிழவிக்கு இனி நடத்த ஏலாதாம். பிள்ளைகளுக்கு விருப்பமில்லையாம். "நீயே எடுத்து நடத்து" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறா. கீழே சாப்பாட்டு மண்டபம், மேலே வழிப்போக்கர் தங்க ஐந்தாறு அறைகள். அந்த மாதிரி இடத்துக்கு அங்கே 'கஸ்ட்ஹவுஸ்' என்று பெயர். விருந்தாளி வீடு. "சமையல் எனக்குத் தெரியும்," என்றார் உன் அப்பா. "ஆனா வாறவனை வா எண்டு சொல்லி, இருத்தி, அவன்ர முகத்தைப் பாத்து என்ன வேணுமெண்டு விளங்கிக்கொள்ளுற வேலை எனக்கு வராது. அது உமக்குத்தான் தெரியும். நீர் வாரும்." எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. அத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு வேலைக்கு ஆள் நீதான் என்று சொன்னதில்லை. நான் உடனே ஓம் என்றேன். நீ எழும்பி நின்றாய். "அம்மாவுக்கென்ன விசரோ? அப்பாவுக்கு அங்க சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் வேணுமாக்கும்," என்றாய். அந்தச் சொல்லோடுதான் அப்பா ஜேர்மனிக்குத் திரும்பிப் போனார். நீ அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் பயத்தில் சொன்னாய் என்று அப்போதே எனக்கு விளங்கியது. அவர் இங்கே கதிரை நுனியில் இருந்த மாதிரி, நான் அங்கே போய் ஒரு கதிரை நுனியில் இருக்கப் போகிறேன் என்று பயந்தாய்.

மனைவியைக் கூப்பிட விசா கொடுப்பதற்கு முதல், அவளுக்கு ஜேர்மன் மொழியில் அரிச்சுவடியாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். வெள்ளவத்தையில் அதற்குத் தெருவுக்கொரு வகுப்பு. நான் போனது காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே. உள்ளே போனால், கழுத்தில் புதுத் தாலி மின்ன இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள். "மகளுக்கோ அன்ரி?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். "இல்லைப் பிள்ளை, எனக்குத்தான்," என்றேன். அவள் நகர்ந்து தான் இருந்த வாங்கில் எனக்கு இடம் விட்டாள். படிப்பித்தது அனிற்றா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஜேர்மனியில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவள், சிரிக்காமலே பகிடி விடுவாள். முதல் வாரம் ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பற்றி ஒரு வசனம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் விருந்தாளிகள் வருவார்கள் என்று நான் சொன்னேன். அனிற்றா மெல்லக் கேட்டாள்: "அன்ரி, நீங்க 'கஸ்ட்' எண்டு சொல்லல்ல, 'கைஸ்ட்' எண்டு சொன்னீங்க. ஒவ்வொரு நாளும் உங்கட வீட்டுக்குப் பேய் வருது எண்டு சொல்லியிருக்கிறீங்க. அது உண்மையா?" நானும் விடவில்லை. "சில பேர் அப்பிடித்தான் பிள்ளை," என்றேன். முழு வகுப்பும் சிரித்த சிரிப்பில் எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது.

அன்றைக்கு அவள் பாடத்தை விட்டுவிட்டுக் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி விளக்கினாள். ஜேர்மனில் கஸ்ட், ஆங்கிலத்தில் கெஸ்ட், ரஷ்யனில் கொஸ்த். எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. எழுத்தே இல்லாத ஒரு பழைய காலத்தில், வாசலில் வந்து நிற்கிற தெரியாத ஆளுக்கு ஒரு சொல் வைத்திருந்தார்களாம். அந்த வேர் லத்தீனுக்குப் போய் 'ஹொஸ்டிஸ்' ஆனது. முதலில் அதற்கும் வெளியாள் என்றுதான் அர்த்தம். நாள் போகப் போக அது எதிரி என்று ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் பகையைக் குறிக்கிற சொல் அதிலிருந்து வந்ததாம். அதே வேரிலிருந்து 'ஹொஸ்பெஸ்' என்று இன்னொரு சொல். அது வந்தவரை வரவேற்று வைத்திருப்பவர். ஹொஸ்பிட்டல், ஹொஸ்டல், ஹோட்டல் எல்லாம் அதன் பிள்ளைகள். "இதில பெரிய விசயம் என்னெண்டா," என்றாள் அனிற்றா, "அந்த ஹொஸ்பெஸ் எண்ட சொல், வரவேற்கிறவருக்கும் வந்தவருக்கும் ரெண்டு பேருக்குமே பொது. இண்டைக்கும் பிரெஞ்சில 'ஓத்' எண்டு சொன்னா வீட்டுக்காரரும் அதுதான், விருந்தாளியும் அதுதான். இத்தாலியனிலயும் அப்பிடித்தான். யார் எவர் எண்டு சுத்தியிருக்கிறதைப் பாத்துத்தான் தெரிஞ்சுகொள்ளணும்." எனக்கு அந்தச் சோதனைக் காலையில் கதவில் நின்ற அதிகாரி நினைவுக்கு வந்தார். நான் கையை உயர்த்தி, சிங்களத்திலும் அப்படித்தானே என்று 'அமுத்தோ' கதையைச் சொன்னேன். அனிற்றா சோக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளுக்கு அந்தச் சிங்களச் சொல் நாவில் பழகியதுதான், ஆனால் பிரித்துப் பார்த்ததில்லையாம். பிறகு இரண்டு பேருமாகத் தமிழுக்கு வந்தோம். விருந்து என்றால் பழைய தமிழில் முதலில் புதுமை. பிறகு புதிதாய் வந்த ஆள். அதற்குப் பிறகுதான் அவருக்குப் போடுகிற சாப்பாடு. தமிழ் நல்ல மொழி, வெளியாளை எதிரியாக்காமல் சோறாக்கிவிட்டது என்று ஒரு பிள்ளை சொன்னாள். "அவசரப்படாதை," என்றேன். "'வந்தான் வரத்தான்' எண்டு வெளியூராளை இளக்காரமாச் சொல்லுற சொல்லும் எங்களிட்டத்தான் இருக்கு." அதற்கும் சிரித்தார்கள், ஆனால் இந்தத் தரம் கொஞ்சம் மெதுவாக.

அந்த மாதத்தில் நீ எனக்குத் தெரியாமல் அந்த வகுப்புக்குப் போயிருக்கிறாய். அனிற்றா இதை எனக்குப் பிறகுதான் சொன்னாள். "எங்கட அம்மாவின்ர பேரை வெட்டிவிடுங்கோ. அவவுக்கு இந்த வயசில இது ஏலாது. பெயிலானா மனம் உடைஞ்சுபோவா," என்று சொல்லியிருக்கிறாய். அவள் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கட அம்மா வந்து சொன்னா வெட்டுறன். நீங்க சொல்லி வெட்டமாட்டன்," என்றிருக்கிறாள். "பெயிலானா திரும்ப எழுதுவா. உங்களுக்கு மனம் உடையுமெண்டா நீங்க வகுப்புக்கு வர வேணாம்." நீ படி இறங்கி வந்துவிட்டாய். உன்னை யாரும் அப்படி நேராகச் சொல்லி அனுப்பியதில்லை. பிறகு ஒவ்வொரு கிழமையும் என்னை ஏற்ற வருகிறேன் என்று நீயாகவே மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து கடைக்குக் கீழே நின்றதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவில் இரக்கம் என்று நினைத்தேன்.

முதல் தரம் நான் பெயிலானேன். வாசிப்பும் எழுத்தும் பரவாயில்லை. கேட்டு விளங்குவதில் விழுந்துவிட்டேன். ரயில் நிலையத்தில் சொல்லும் அறிவித்தலைப் போட்டார்கள். ரயில் எட்டாம் மேடையிலா பதினெட்டாம் மேடையிலா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அன்று பின்னேரம் நீ எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து, "போதும் அம்மா, முயற்சி செய்து பாத்தாச்சுத்தானே," என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அனிற்றாவுக்குப் போன் எடுத்தேன். "அன்ரி, சனிக்கிழமை மருதானை ஸ்டேஷனுக்கு வாங்க," என்றாள். எனக்கு விளங்கவில்லை. போனேன். நீயும் வந்தாய். மேடையில் ஒரு வாங்கில் என்னை இருத்தி, ஒலிபெருக்கியில் வருகிற ஒவ்வொரு அறிவித்தலையும் உடனே ஜேர்மனில் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பாணந்துறை ரயில், நாலாம் மேடை, பத்து நிமிடம் தாமதம். சிங்களத்தில் கேட்டு, தமிழில் நினைத்து, ஜேர்மனில் சொல்ல வேண்டும். சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கச்சான் கடலை விற்கிறவர் இந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் கேட்டார். பல சனிக்கிழமைகள் அப்படிப் போயின. நீ பக்கத்து வாங்கில் இருந்தபடி, என் பிழைகளை அவளிடம் சொல்லத் தொடங்கினாய். ஒருநாள் அவள் உன்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க எழுதினா பாஸ் பண்ணிருவீங்க." நீ சொன்னாய்: "நான் ஜேர்மனிக்குப் போறதா இல்லை. கொட்டாஞ்சேனை வரைக்கும் போனாப் போதும்." நான் உடனே ஒரு ரயில் அறிவித்தலைக் கவனிக்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அன்றைக்குத்தான் மோட்டார் சைக்கிளின் கணக்கு விளங்கியது.

இரண்டாம் தரம் பரீட்சையில் கேட்கும் பகுதி முடிந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ரயில்களெல்லாம் சரியான மேடைகளில் வந்து நின்றன. கடைசியாகப் பேச்சு. வட்ட மேசையைச் சுற்றி நாங்கள் சில பேர், எதிரே இரண்டு பரீட்சகர்கள். குப்புற வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்து, அதில் இருக்கிற சொல்லை வைத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் எடுத்துத் திருப்பினேன். 'கஸ்ட்'. தம்பி, நம்பினால் நம்பு, நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு புதுப் பெண், பயத்தில் விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக் கேட்டேன்: "கொமன் ஹொய்ட்ட கெஸ்ட?" இன்றைக்கு விருந்தாளிகள் வருகிறார்களா? அவள் ஒரு மூச்சு எடுத்துவிட்டு, "யா, மாமியார் வருகிறா," என்று ஜேர்மனில் சொன்னாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பரீட்சகர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தாள், அவளுடைய விரல்கள் அவிழ்ந்தன. பிறகு வயதான பரீட்சகர் என் பக்கம் திரும்பி, உங்கள் வீட்டுக்கு அடிக்கடி விருந்தாளிகள் வருவார்களா என்று கேட்டார். அது பரீட்சைக்கு வெளியே கேட்ட கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. மன்னார்த் தாயும் எக்ஸ்ரே ஐயாவும் ஹோலில் படுத்த நீயும் நாவில் வந்து நின்றீர்கள். என்னிடம் இருந்த ஜேர்மன் அதற்குக் காணாது. "இம்மர்," என்றேன். எப்போதும். அவர் புருவத்தைத் தூக்கி, "இம்மர்?" என்றார். "இம்மர்," என்றேன் திரும்ப, நிமிர்ந்து இருந்து. நான் சொன்ன எத்தனையோ வசனங்களில் ஒன்றாவது பிழையாகியிருக்கும். அந்த ஒரு சொல் பிழையாகவில்லை.

பாஸ் என்று வந்த அன்று வகுப்புப் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். உன் அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். அவர் குசினியில் ஏப்ரனோடு நின்றார். மற்ற வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, "மைன ஃபிராவ்," என் மனைவி, என்று திரையைக் காட்டினார். அவர்கள் கரண்டியால் சட்டியில் தட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு நான்தான் பெண் கேட்டுப் போனேன். கோயிலா தேவாலயமா என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் முறுக்கிக்கொண்டு நின்றபோது, அனிற்றாவின் அம்மா என் கையைப் பிடித்து, "ரெண்டிலயும் வைப்பம், ரெண்டு சாப்பாடு கிடைக்கும்," என்றா. அப்படியே வைத்தோம். கடை கைமாறுகிற நேரமென்று வர முடியாமல் உன் அப்பா இரண்டையும் வீடியோவில் பார்த்தார். ஒருவரும் குறை சொல்லவில்லை. சொன்னவர்களும் இரண்டு இடத்திலும் வயிறாறச் சாப்பிட்டார்கள்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய ஒன்று. அனிற்றா வந்த இரண்டாம் நாள் குசினியில் மிளகாய்த்தூள் போத்தலையும் கோப்பித்தூள் ரின்னையும் இடம் மாற்றி வைத்தாள். நீ உடனே, "அது அம்மாவின்ர இடம், மாத்தாதை," என்றாய். எனக்காகத்தான் சொன்னாய். ஆனால் அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதை நான் பார்த்தேன். தம்பி, அவள் இந்த வீட்டுக்கு வந்தவள் என்று நீ நினைத்தால், எவ்வளவு அன்பாக நடத்தினாலும் அவள் கதிரை நுனியில்தான் இருப்பாள். அவள்தான் இனி வீட்டுக்காரி என்று ஒரேயடியாகச் சாவியைக் கொடுத்துவிட்டு நீ ஒதுங்கினால், கொஞ்ச நாளில் நீ நுனிக்கு வந்துவிடுவாய். ஒரு வீட்டில் இரண்டு பேர் வாழ்வதென்றால் அந்தப் பிரெஞ்சுச் சொல் மாதிரித்தான் வாழ வேண்டும். சில நாள் அவள் உன்னை வரவேற்பாள், சில நாள் நீ அவளை. வேலையால் களைத்து வருகிறவர் அன்றைக்கு விருந்தாளி. மற்றவர் எழும்பித் தண்ணி எடுத்துக் கொடுக்க வேண்டும். யார் எவர் என்று சட்டம் போடாதே. போத்தல் எங்கே இருந்தால் என்ன, உறைப்பு அதே உறைப்புத்தான். இன்னொன்றும் சொல்கிறேன். கோபம் வரும்போது, பக்கத்தில் இருப்பவர் வெளியாளாகத் தெரிவார். அந்த நேரத்தில் வெளியாள் எதிரியாவதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்காது. லத்தீன்காரருக்கு அதற்குப் பல நூறு வருடம் எடுத்தது, எங்களுக்கு ஒரு பின்னேரம் போதும். அப்படித் தெரிகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணி போடு. எதிரே நிற்கிற ஆள் பாதிக் கோப்பையாவது குடிப்பார். என் அனுபவத்தில் அது தவறியதில்லை.

உன் அப்பாவோடும் எனக்கு அப்படித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றுகூட எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னை அவ்வளவாகத் தெரியாது. இரண்டு பேரும் புதுசு. எனக்கு அதில் பயமில்லை, கொஞ்சம் ஆசையாகக்கூட இருக்கிறது. மேல்மாடி அறைகளுக்குப் புதுத் திரைச்சீலை போடச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் சொதியும் உண்டு என்று பலகையில் எழுதப் போகிறேன். ஊர்ச் சனம் வருமோ என்று அப்பா யோசிக்கிறார். வரும். வாசலில் நின்று வா என்று சொன்னால் வராத சனம் உலகத்தில் இல்லை.

கடைசியாக ஒன்று. விசா எடுக்கப் போன அன்று நீ லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தாய். பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். நான் அந்த விசாப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால், பிறகு ஓட்டோவில் நீ சொன்னதைக் கவனிக்கவில்லை என்று நினைத்தாய். ஓட்டோவில் ஏறியதும் அந்தச் சாரதி கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, அம்மா எங்கே போகிறா, பிள்ளைகளிடமா என்று சிங்களத்தில் கேட்டார். வயது போன தாய்மார் வெளிநாடு போவதென்றால் பேரப்பிள்ளை பார்க்கத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். நீ சொன்னாய்: "நே அய்யே. அம்மா ஜர்மனியே ஹோட்டலயக் தானவா." இல்லை அண்ணே, அம்மா ஜேர்மனியில் ஹோட்டல் போடுறா. அவர், "எத்தத?" என்று கேட்டார். உண்மையாகவோ என்று. நீ முதுகை நிமிர்த்தி, ஓட்டோச் சத்தத்துக்கு மேலாக இன்னொருமுறை சொன்னாய். பம்பலப்பிட்டிச் சந்தி விளக்கில் ஓட்டோ நின்றபோது அந்தச் சாரதி பக்கத்து ஓட்டோக்காரரையும் கூப்பிட்டு, என்னைக் காட்டி, அதையே அவருக்கும் சொன்னார். நான் பாஸ்போட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் இரண்டு பேருக்கும் தலையசைத்தேன்.

அன்புடன்,
அம்மா